பழைய காரின் சொகுசு கெடாமல் சஸ்பென்ஷனை மாற்ற

பழைய கார் மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுகிறதா? உடனே விலை உயர்ந்த சஸ்பென்ஷன் கிட் வாங்கிவிடாதீர்கள். முதலில் அடியில் குனிந்து, சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் உருளைகளான புஷ்களைப் பாருங்கள். விளிம்பில் வெடிப்பு ஓடி, நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மறுபடியும் ரப்பரே போடுங்கள். பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக் வகை புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வை இருக்கை வரை கொண்டுவந்துவிடும். புஷ் போல்ட்டை, கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

அப்புறம், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். ஒரிஜினல் ஸ்பிரிங் என்றால் அதற்கேற்ற ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்) வகையே சொகுசுக்குப் போதும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அட்ஜஸ்டபிள் வகை வாங்கினால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, வேகத்தடை தாண்டியதும் கார் ஒருமுறை எழும்பி அடங்கும் வரை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுங்கள். உயரம் குறைக்கும் ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். சக்கரம் மேலேற இடமில்லாமல் பம்ப் ஸ்டாப் எனும் தடுப்பு ரப்பரில் இடிக்கும்.

எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் உள்ள காரா? பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, இடையே நைலான் பட்டை வையுங்கள். உராய்வு குறைந்து, சின்னச் சின்னக் குலுக்கல்கூட மெத்தென்று மாறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.