வந்த உடனே பயண சிபேப் வாங்க வேண்டாம்

ஊரிலேயே ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் கோளாறு) என்று தெரிந்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினோடு விமானம் ஏறி வெளிநாடு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்து இறங்கிய சில வாரங்களிலேயே பலரும் என்னிடம் கேட்பது, "பயணத்துக்குச் சின்னதாக ஒன்று வாங்கிவிடலாமா?" என்பதுதான். ஆசை நியாயமானது. ரெஸ்மெட் ஏர்மினி என்ற பயண மெஷினின் எடை 300 கிராம்தான். அதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு வீட்டு மெஷின் பாறாங்கல்லாகத் தோன்றும். ஆனாலும் அது இரண்டாவது மெஷின்தான். முதல் மெஷினில் நிம்மதியான தூக்கம் வருகிற வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.

முதல் வேலை காகிதங்கள். பழைய ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டும் டாக்டர் எழுதிய சீட்டும் கையில் இருக்க வேண்டும். பல நாடுகளில் சீட்டு இல்லாமல் மெஷின் விற்க மாட்டார்கள். ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று ஒரு எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதன் கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. சீட்டில் பிரஷர் எவ்வளவு, ஒரே அளவா, தேவைக்கேற்பத் தானாக மாறும் ஆட்டோவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிபேப் மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் என்ற அளவில்) பிரஷர் தரும். உங்களுக்கு எழுதியிருப்பது பைபேப் (மூச்சை இழுக்கும்போது ஒரு பிரஷர், விடும்போது ஒரு பிரஷர் தருவது) என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். சந்தையில் இருக்கும் பெரும்பாலான சின்ன மெஷின்கள் சிபேப், ஆட்டோ சிபேப் வேலையை மட்டுமே செய்யும்.

அப்புறம் மாஸ்க். மெஷினை விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மூக்கு முழுவதையும் மூடுவதா, மூக்குத் துளையில் உட்காருவதா, வாயையும் சேர்த்து மூடுவதா என்பது உங்கள் முகத்துக்கும் படுக்கும் விதத்துக்கும் ஏற்ப மாறும். சரியான மாஸ்க் அமைய எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அப்படி அமைந்த மாஸ்க், வாங்கப்போகும் சின்ன மெஷினோடு சேருமா என்று முதலில் கேளுங்கள். ஏர்மினிக்கு அதற்கென்று தனிக் குழாய் உண்டு, அது ஏற்கும் மாஸ்க்குகளும் குறிப்பிட்ட சில வகைகள்தான். இசட்2 போன்ற சின்ன மெஷின்கள் 22 மில்லிமீட்டர் சாதாரணக் குழாயோடு பொருந்தும், அதனால் ஏறக்குறைய எந்த மாஸ்க்கும் சரிவரும். மெஷின் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாஸ்க் சேராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சின்ன மெஷின்களில் பலவற்றுக்குக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், அதாவது தண்ணீர்த் தொட்டி, கிடையாது. அதற்குப் பதிலாகக் குழாய் வழியில் வடிகட்டி போன்ற ஒரு சிறு துண்டு இருக்கும். நாம் விடுகிற மூச்சின் ஈரத்தைப் பிடித்து, உள்ளே இழுக்கும்போது திருப்பித் தரும். வாய் திறந்து தூங்கினாலோ மாஸ்க்கில் காற்று கசிந்தாலோ அந்த ஈரம் கிடைக்காது, காலையில் தொண்டை வறண்டுபோயிருக்கும். வீட்டில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். அதைத் தாங்க முடிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சத்தமும் கொஞ்சம் கூடுதல்தான். மெஷினின் உடல் சிறியதென்பதால் சத்தத்தை அடக்க உள்ளே இடம் குறைவு. புதிதாக வந்தவர்கள் நண்பர் வீட்டிலோ, இன்னொருவரோடு ஒரே அறையிலோ தங்கும்போது, அவர் தூக்கம் கெடுமே என்று மெஷின் போடாமல் படுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். உங்கள் குறட்டையை விட மெஷின் சத்தம் எவ்வளவோ மேல் என்று அவரே சொல்வார். மெஷின் இல்லாமல் தூங்கி, மறுநாள் கண் சொருகியபடி கார் ஓட்டுவது உங்கள் உயிருக்கும் அடுத்தவர் உயிருக்கும் ஆபத்து.

மின்சாரத்தில் பயப்பட ஒன்றுமில்லை. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 என்று பொறித்திருந்தால் அந்த நாட்டுப் பிளக் பின் மட்டும் போதும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். பேட்டரி வாங்குவதாக இருந்தால்தான் கணக்குப் போட வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 24 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 96. விமானத்தில் 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. வீட்டு மெஷினையே பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் தண்ணீர்ச் சூட்டை அணைத்துவிடுங்கள். மின்சாரத்தைக் குடிப்பது அதுதான்.

மெஷினை ஒருபோதும் செக்-இன் செய்யாதீர்கள். மருத்துவச் சாதனம் என்பதால் பல விமான நிறுவனங்கள் அதைக் கைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் கடிதத்தை உடன் வைத்திருங்கள். பாதுகாப்புச் சோதனையில் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள், ஆகவே சுத்தமான பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எத்தனை பேர் செருப்பு வைத்த தட்டோ அது! வீட்டு மெஷினை எடுத்துப்போனால் முந்தின நாளே தொட்டியைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் தொட்டியில் தண்ணீரோடு பைக்குள் வைத்துவிட்டேன். விமான நிலையத்தில் பையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று அந்தப் பயணம் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. பறக்கும்போதே பயன்படுத்த வேண்டுமென்றால் பயணத்துக்குச் சில நாள் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். எல்லா இருக்கையிலும் மின் இணைப்பு இருக்காது.

பழைய மெஷின் விலை குறைவாகக் கிடைக்கிறதா? 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுப் பாதையில் போகக்கூடும் என்பதே காரணம். ஆகவே சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். அடுத்தவர் போட்ட மாஸ்க் வேண்டவே வேண்டாம்.

வாங்கியதும் ஒரு வாரம் உங்கள் சொந்தப் படுக்கையிலேயே போட்டுத் தூங்குங்கள். கிளம்பும்போது ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டும் பையில் இருக்கட்டும், ஓட்டல் அறைகளில் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது.