ரெக்கே இசைத்தட்டோடு கிளம்புகிறீர்களா?

லண்டனில் கரீபியன் இசைக்காகக் கூடி உட்கார்ந்து தட்டு கேட்கும் மாலைகளுக்கு உங்கள் தட்டையும் எடுத்துப் போகிறீர்களா? ரெக்கே இசை பிறந்த ஜமைக்காவில் அச்சான 7 அங்குலத் தட்டுகளில் நடு ஓட்டை பெரும்பாலும் ஒன்றரை அங்குல அகலம். சாதாரண டர்ன்டேபிளின் நடுக்கம்பியில் நிற்காமல் ஆடும். ஓட்டைக்குள் பொருத்தும் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விலை சொற்பம்தான். வேகம் 45-இல் (நிமிடத்துக்கு 45 சுற்று) இருக்கட்டும். 33-இல் ஓடினால் பாடகர் தூக்கக் கலக்கத்தில் இழுப்பதுபோல் இருக்கும்.

அப்புறம், பாட்டு முடிந்ததும் தட்டை உறைக்குள் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் பல தட்டுகளில் 'வெர்ஷன்' என்றிருக்கும்: அதே பாட்டு, குரல் அடங்கி, பேஸும் டிரம்ஸும் முன்னால் வரும். 1970-களில் ஜமைக்கா ஒலிப்பொறியாளர் கிங் டப்பி ஒலிகளைக் கூட்டிக் குறைத்து விளையாடியது இந்தப் பக்கத்தில்தான். எனக்கு முன்பக்கத்தைவிட இதுதான் பிடிக்கும்.