மலையாள நிலப் பத்திரத்தைத் தமிழாக்கும்போது

சொல்லின் ஒலியை நம்பாதீர்கள். அந்தக் காகிதத்தால் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்து, தமிழ்நாட்டில் அதே வேலைக்கு உள்ள சொல்லைப் போடுங்கள். கேரளத்தின் சித்தூர், தேவிகுளம் பக்கம் 'தீறாதாரம்' என்றால் கிரயப் பத்திரம். 'போக்குவரவு' என்பது, நிலம் கைமாறியதும் வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் பெயரை மாற்றுவது. கேரளத்தின் 1966ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கிறது. பட்டா மாற்றம் என்று எழுதினால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். மூலச் சொல்லையும் ஒரு தடவை பக்கத்தில் எழுதிவிடுங்கள், அப்புறம் அங்கே போய் விசாரிக்க வசதி.

'பட்டயம்' மட்டும் இதற்குள் அடங்காது. பெரும்பாலும் அது அரசு நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த உரிமை ஆவணம், நிபந்தனைகளோடு வருவது. பட்டா என்று எழுதினால் பொருளே மாறிவிடும். பட்டயம் என்றே விடுங்கள். கோர்ட்டுக்குப் போகும் காகிதம் என்றால் சான்றளித்த மொழிபெயர்ப்புதான் வேண்டும்.