கிறிஸ்துமஸ் ஹாமுக்கு அன்னாசிப் பழ கிளேஸ்: முதல் முறை செய்பவர்களுக்கு

அமெரிக்கக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்து குவியும் ஹாம் பெரும்பாலும் வெந்த ஹாம்தான். பன்றியின் பின்தொடையை உப்புநீரில் ஊறவைத்து, புகை காட்டி, வேகவைத்த பிறகே உறையில் அடைத்து விற்கிறார்கள். வீட்டில் மிச்சமிருப்பது இரண்டு வேலை: கறி வறண்டு போகாமல் சூடாக்க வேண்டும்; மேலே பழச்சாறும் சர்க்கரையும் சேர்ந்த பாகைப் பூசிப் பளபளவென்று எடுக்க வேண்டும். அந்தப் பூச்சுதான் கிளேஸ். பாகு காய்ச்சுவது சுலபம். எப்போது பூசுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள். 'முழுதாக வெந்தது' என்று இருந்தால் இந்தச் செய்முறை அப்படியே பொருந்தும். 'சமைத்த பின்பே உண்க' என்று இருந்தால் உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸை எட்டியே ஆக வேண்டும். அதன்பின் 3 நிமிடமாவது ஆறவிட வேண்டும். இங்கிலாந்தில் 'கேமன்' என்ற பெயரில் விற்பது பச்சைக் கறி. அதை முதலில் தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்த பிறகுதான் கிளேஸ் பூசுவார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பக்கத்துக் 'கண்ட்ரி ஹாம்' வேறு ரகம். உப்பு தேய்த்து மாதக்கணக்கில் உலரவிட்டது; ஊறவைத்து உப்பை இறக்காமல் சமைக்க முடியாது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

தேவையானவை (எலும்போடு 3.5 முதல் 4 கிலோ ஹாமுக்கு)

- அன்னாசிச் சாறு, சர்க்கரை சேர்க்காதது: 240 மில்லி
- பிரவுன் சுகர்: 200 கிராம்
- ஆப்ரிகாட் ஜாம் அல்லது ஆரஞ்சு மார்மலேட்: 100 கிராம்
- டிஜோன் கடுகு விழுது: 2 மேசைக்கரண்டி
- ஆப்பிள் சைடர் வினிகர்: 2 மேசைக்கரண்டி
- கிராம்புப் பொடி: கால் தேக்கரண்டி
- வெண்ணெய்: 1 மேசைக்கரண்டி

உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஹாமில் இருப்பதே தாராளம். ஜாமை இனிப்புக்காகச் சேர்ப்பதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பெக்டின் என்ற பழப் பசைதான் பாகைக் கறியோடு ஒட்டவைக்கிறது. கடுகும் வினிகரும் இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைப் பாகைத் தின்பது போல முதல் துண்டிலேயே திகட்டிவிடும். பிரவுன் சுகருக்குப் பதில் வெல்லம் போடலாம், நன்றாகவே வரும். ஆனால் சாற்றில் கரைத்து வடிகட்டிய பிறகு போடுங்கள், மண் இருக்கும்.

பாகு காய்ச்சுதல்

1. அடி கனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தை எடுங்கள். அலுமினியம் கூடாது, புளிப்பு பட்டால் உலோக வாடை ஏறும். பாத்திரம் குறுகலாக இருந்தால் சாறு வற்ற இரட்டிப்பு நேரமாகும்.

2. அன்னாசிச் சாற்றை மட்டும் ஊற்றி, நடுத்தரத் தீயில் பாதியாக வற்றவிடுங்கள். 10 முதல் 12 நிமிடம் ஆகும். சர்க்கரையையும் சேர்த்தே காய்ச்சினால் சாறு வற்றுவதற்குள் அது அடிப்பிடிக்கப் பார்க்கும், அதனால்தான் சாறு முதலில். புதுப் பழத்தைப் பிழிந்த சாறு என்றால் கொதி நிச்சயம் வரட்டும். அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி கறியின் மேற்பரப்பைக் கூழாக்கும். சூட்டில்தான் அது அடங்கும். டின் சாற்றில் இந்தத் தொல்லை இல்லை, ஏற்கெனவே சூடாக்கியது.

3. தீயைக் குறைத்து பிரவுன் சுகர், ஜாம், வினிகர், கிராம்புப் பொடி சேருங்கள். சர்க்கரை கரையும் வரை கிளறி, பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் ஒட்டிய பரல்களைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துவிட்டால் ஆறியதும் நறநறக்கும்.

4. சிறு கொதியில் 5 முதல் 7 நிமிடம். பெரிய குமிழிகள் அடங்கி, சின்னதாக, மினுமினுப்பாக, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். இந்த நேரம் கவனம் வேண்டும்.

5. அடுப்பை அணைத்து கடுகு விழுதையும் வெண்ணெயையும் கலக்குங்கள். சுமார் 300 மில்லி தேறும்.

பதம் பார்க்க, ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் தேவை. மெல்ல மூடினால் போதும், இறக்கலாம். பலகாரத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்கள் கம்பிப் பதம் தேடுவார்கள். ஜாம் கலந்திருப்பதால் இங்கே இரு விரலுக்கிடையே கம்பி இழுத்துப் பார்ப்பது ஏமாற்றும். ஒரு கம்பி தெளிவாக வரும்வரை காத்திருந்தால் ஆறியதும் கட்டிதட்டிப் போகும். தெர்மாமீட்டர் இருந்தால் 104 டிகிரியில் நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கை மேசைக்கென்று இப்போதே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். ஹாமில் தொட்ட பிரஷ் அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

ஹாமைத் தயார் செய்தல்

தோல் இருந்தால் உரித்துவிடுங்கள். அடியிலுள்ள கொழுப்பு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நிற்கட்டும். அதில் கத்தியால் 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கறியைத் தொடாமல் கொழுப்போடு நிற்க வேண்டும். பாகு தங்குவது இந்தக் கீறல்களில்தான், அழகு இலவசம். முழுக் கிராம்பைக் கட்டத்துக்கு ஒன்றாகக் குத்துவது பழைய வழக்கம். பரிமாறும் முன் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு குத்துங்கள். பாகில் பொடி இருப்பதால் தேவையே இல்லை.

தட்டில் ஃபாயில் விரித்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, மேலே ஃபாயிலால் இறுக்கி மூடுங்கள். 160 டிகிரி ஓவனில் கிலோவுக்கு 40 முதல் 50 நிமிடம் என்று கணக்கு வைக்கலாம். ஸ்பைரல் வெட்டுப் போட்ட ஹாம் (எலும்பைச் சுற்றிச் சுருளாக முன்பே துண்டு போட்டது) என்றால் கிலோவுக்கு 25 முதல் 40 நிமிடம். கடிகாரத்தைவிட தெர்மாமீட்டரை நம்புங்கள். எலும்பில் படாமல் நடுக்கறியில் குத்திப் பார்த்து 55 டிகிரி காட்டினால் கிளேஸுக்கு நேரம் வந்துவிட்டது.

பூசுதல்

ஃபாயிலைக் கழற்றி, ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஹாமின் மேற்பரப்பைக் காகிதத் துவாலையால் ஒற்றித் துடைக்க மறந்துவிடாதீர்கள். ஈரமும் உருகிய கொழுப்பும் இருந்தால் பாகு அப்படியே வழிந்து தட்டில் போய்ச் சேரும். பாகு வெதுவெதுப்பாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழ வேண்டும்.

முதல் பூச்சு மெல்லியதாக, 10 நிமிடம். அது கறியோடு ஒட்டிப் பிசுபிசுத்ததும் இரண்டாவது, இன்னும் 8 முதல் 10 நிமிடம். மூன்றாவது பூச்சு 5 நிமிடம், இந்த முறை கண்ணாடிக் கதவை விட்டு நகராதீர்கள். நல்ல அரக்குப் பழுப்பிலிருந்து கருகலுக்குப் போக இரண்டு நிமிடம் போதும். ஒரு மூலை மட்டும் கறுத்தால் அங்கே துண்டு ஃபாயிலைப் போர்த்துங்கள். உள்வெப்பம் 60 டிகிரி ஆனதும் வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

தொடக்கத்திலேயே பூசி உள்ளே வைத்தால் என்ன ஆகும்? இரண்டு மூன்று மணி நேரச் சூட்டில் சர்க்கரை கருகும். உள்ளே கறி இன்னும் சூடாகியே இருக்காது. சில பொட்டலங்களில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்யாதீர்கள்.

சரியாக வராவிட்டால்

பாகு ஆறியதும் இறுகிவிட்டால் ஒரு கரண்டி சூடான சாறு விட்டு மெல்லிய தீயில் கிளறுங்கள், இளகிவிடும். தண்ணீராகவே இருந்தால் மறுபடி வற்றவிடுங்கள். சோள மாவு கரைத்து ஊற்றினால் கெட்டியாகும், பளபளப்பு போய்விடும். கசந்தால் ஒன்று கிராம்பு கூடிவிட்டது, அல்லது அடிப்பிடித்துவிட்டது. இரண்டாவதற்கு மருந்தில்லை, புதிதாகக் காய்ச்சுவதுதான். தட்டில் இறங்கிய சாறு கடும் உப்பு. கிளேஸில் சேர்க்க ஆசைப்பட்டால் ஒரு தேக்கரண்டி சேர்த்து ருசி பார்த்த பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

ஸ்பைரல் ஹாமில் மட்டும் ஓவனை 190 டிகிரியோடு நிறுத்துங்கள். துண்டுகள் ஏற்கெனவே பிரிந்திருப்பதால் ஓரங்கள் சீக்கிரம் வறளும். பாகை இடுக்குகளுக்குள் ஊற்றாமல் வெளிப்புறம் மட்டும் பூசி, மீதியை மேசையில் தனியாக வையுங்கள்.

கொதிக்கும் பாகு தோலில் பட்டால் எண்ணெய் போல வழியாது, ஒட்டிக்கொண்டே சுடும். குழந்தைகளை அடுப்படியில் விடாதீர்கள். பிரஷ் படாமல் மிஞ்சியதைக் கண்ணாடி பாட்டிலில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். கோழித் தொடையை ஓவனில் சுடும்போது கடைசி 10 நிமிடத்தில் இதையே பூசலாம்.