புது மெடிக்கல் பீடம் எண்டு பயந்து லிஸ்ட்டில போடாமல் விடாதேங்கோ

எங்கட வன்னிப் பக்கத்தில ஒரு பிள்ளை, ஏ.எல்லில (உயர்தரம்) பயோ படிச்சது, நல்ல ரிசல்ட். யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அப்ளிகேசன் போடேக்க மெடிசினுக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, பேராதனை இந்த நாலை மட்டும் போட்டிட்டு அதுக்குக் கீழ வேற கோர்ஸுகளுக்குப் போயிட்டுது. மிச்சப் பீடங்களை ஏன் போடேல்ல எண்டு பேந்து கேட்டன். "அதெல்லாம் புதுசாம் அண்ணா, தூரமாம், ஒழுங்கா படிப்பிக்க ஆக்கள் இல்லையாம்" எண்டுது. கட் ஓஃப் (எடுபடத் தேவையான ஆகக்குறைஞ்ச ஸ்கோர்) வந்துது. போட்ட நாலுக்கும் கொஞ்சத்தால தவறிப்போச்சு, ஆனா போடாமல் விட்ட ஒரு புதுப் பீடத்துக்கு எங்கட மாவட்டத்தின்ர கட் ஓஃப் அந்தப் பிள்ளையின்ர இசட் ஸ்கோரை (ஏ.எல் புள்ளியை வச்சுக் கணக்கிடுற ஸ்கோர்) விடக் குறைவா இருந்துது. அந்தத் தாய் என்னட்ட வந்து "இனி மாத்த ஏலாதோ தம்பி" எண்டு கேட்டவ. ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. அதுக்குப் பிறகு தான் இதை ஆற அமர இருந்து எழுதோணும் எண்டு நினைச்சன், ஏனெண்டா இது படிப்பில விட்ட பிழை இல்ல, ஒரு போர்ம் நிரப்பேக்க விட்ட பிழை.

முதல்ல அந்த லிஸ்ட் எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கோணும். ஒரு கோர்ஸ், ஒரு பல்கலைக்கழகம், ரெண்டும் சேர்ந்து தான் ஒரு யூனி கோட். அதால "மெடிசின்" எண்டு ஒரு தரம் போட்டா எல்லா மெடிக்கல் பீடத்துக்கும் போட்டதா ஆகாது, யாழ்ப்பாண மெடிசின் ஒரு கோட், ரஜரட்டை மெடிசின் இன்னொரு கோட், சப்ரகமுவ மெடிசின் வேறயொரு கோட். தெரிவு நடக்கேக்க இசட் ஸ்கோர் கூடின ஆளில இருந்து கீழ வந்து, ஒவ்வொருத்தற்ற லிஸ்ட்டையும் மேல இருந்து பாத்து, அவரின்ர ஸ்கோருக்குக் கிடைக்கக்கூடிய முதலாவது இடத்தைக் குடுப்பினம். இதில இருந்து ரெண்டு விசயம் விளங்குது. லிஸ்ட்டில இல்லாத இடம் உங்களுக்கு ஒருநாளும் வராது, ஸ்கோர் எவ்வளவு கூட இருந்தாலும் வராது. மற்றது, ஒரு பீடத்தை முதலாவதாப் போட்டதால அங்க இடம் கிடைக்கிற வாய்ப்புக் கூடாது, ஒன்பதாவதாப் போட்டதால குறையவும் மாட்டுது. "எனக்குக் கொழும்பு வராது, வீணா முதலாவதாப் போட்டா மிச்சமும் போயிடும்" எண்டு கனபேர் நினைக்கினம், ரியூசனில சொல்லிக் குடுக்கிற ஆக்கள் கூட அப்பிடிச் சொல்லுகினம், அது சுத்தப் பிழை. வராட்டி அடுத்ததுக்கு இறங்கும், அவ்வளவு தான். அதால கணக்குப் பாத்துப் போடாமல், உண்மையா எது வேணுமோ அந்த ஒழுங்கில போடுங்கோ, டொக்டர் ஆகிறது தான் ஆசை எண்டா கடைசி மெடிக்கல் பீடம் வரைக்கும் ஒண்டும் விடாமல் போட்டிட்டு பேந்து மற்றக் கோர்ஸுகளுக்கு வாங்கோ.

இனி இந்தப் புதுப் பீடம் எண்ட பயம். சப்ரகமுவ (இரத்தினபுரி), வயம்ப (குளியாப்பிட்டி), மொறட்டுவை, இப்பிடிக் கிட்டடியில வந்த பீடங்கள் தான் எங்கட ஆக்கள் விடுறது. எங்கட யாழ்ப்பாண மருத்துவ பீடமும் 1978ல புதுசு தான், அண்டைக்குப் பயந்து ஆரும் போகாமல் விட்டிருந்தா சண்டைக் காலத்தில வடக்கு ஆஸ்பத்திரியளை ஆர் பாத்திருப்பினம். ரஜரட்டையும் 2006ல தொடங்கினது, இண்டைக்கு வவுனியாப் பிள்ளையளுக்கு கிட்ட இருக்கிற மெடிக்கல் பீடம் எண்டா அநுராதபுரத்தில இருக்கிற அது தான், ஏ9ல பஸ் ஏறினா மதவாச்சியால திரும்பிப் போயிடலாம். எந்த அரச பீடத்தில படிச்சாலும் எம்பிபிஎஸ் தான், 5 வருசம் தான், படிப்பிக்கிறது எல்லா இடத்திலயும் இங்கிலிஷில தான், முடிச்சா இலங்கை மருத்துவ சபையின்ர பதிவு தான், இன்டர்ன்சிப் அப்பொயின்மென்ட் மெரிட் லிஸ்ட்டின்படி தான். ஆஸ்பத்திரியில நிண்டு மருந்து குடுக்கேக்க நீங்கள் எந்தக் கம்பஸ் எண்டு நோயாளி கேக்கிறதில்ல.

புதுப் பீடத்தில கஸ்ரம் இல்லையெண்டு நான் சொல்ல வரேல்ல. ஹொஸ்டல் காணாமல் வெளியில ரூம் எடுக்க வேண்டி வரலாம், கட்டிடம் முடியாமல் கிடக்கலாம், சில பாடத்துக்கு விரிவுரையாளர் வெளியில இருந்து வந்து போகலாம், தமிழ் சீனியர் ஆக்கள் குறைவா இருக்கலாம். இதெல்லாத்தையும் விசாரிக்கோணும், ஆனா விசாரிக்கிறது ஒழுங்கை முடிவெடுக்க, லிஸ்ட்டில இருந்து வெட்டி எறிய இல்ல. ஆரிட்ட விசாரிக்கிறது எண்டதும் முக்கியம். அங்க காலே வைக்காத ஆள் சொல்லுற கதையை விட்டிட்டு, இப்ப ரெண்டாம் வருசம் படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடிச்சுக் கதையுங்கோ, கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) எந்த ஆஸ்பத்திரியில, சாப்பாட்டுக்கும் தங்கவும் மாசம் எவ்வளவு முடியுது, வீட்டுக்கு வர எத்தின பஸ் மாறோணும், மகாபொல உதவிப்பணக் காசு நேரத்துக்கு வருதோ எண்டு கேளுங்கோ. சிங்களம் தெரியாது எண்டு பயப்பிடுற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன், வார்டில நோயாளியோட கதைக்கிற அளவுக்கு சிங்களம் ஒரு வருசத்தில வந்திடும், எனக்குத் தெரிஞ்ச மல்லாவிப் பொடியன் ஒருத்தன் சிங்களத்தில ஒரு சொல்லும் தெரியாமல் தெற்குக்குப் போனவன், இப்ப அவன் தான் தன்ர பட்ச்சில இருக்கிற சிங்களப் பிள்ளையளுக்கு வார்டில தமிழ் நோயாளியள் சொல்லுறதை மொழிபெயர்க்கிறான்.

போன வருசக் கட் ஓஃபை நம்பி முடிவெடுக்கிறது அடுத்த பெரிய பிழை. கட் ஓஃப் எண்டு ஒரு நம்பரை முன்னமே ஆரும் தீர்மானிச்சு வைக்கிறதில்ல. அந்த யூனி கோட்டுக்கு உங்கட மாவட்டத்தில இருந்து கடைசியா எடுபட்ட பிள்ளையின்ர ஸ்கோர் தான் கட் ஓஃப். அந்த வருசம் ஆர் ஆர் எந்த ஒழுங்கில போட்டினமோ அதில தான் அது தங்கியிருக்கு. எங்கட மாவட்டங்களுக்கு இருக்கிற இடங்கள் கொஞ்சம் எண்டபடியால ஒரு பிள்ளை கூடக் குறைய வந்தாலே நம்பர் நல்லா ஆடும். அந்தக் கட் ஓஃப் அட்டவணையில சில இடத்தில என்.கியூ.சி எண்டு போட்டிருப்பினம், அதைப் பாத்திட்டு "இந்தப் பீடம் முல்லைத்தீவுப் பிள்ளையளை எடுக்கிறேல்ல" எண்டு முடிவெடுத்த ஆக்களை நான் கண்டிருக்கிறன். அது தகுதியான விண்ணப்பதாரி இல்லை எண்டதின்ர சுருக்கம். போன வருசம் எங்கட ஆக்கள் ஆரும் அதைப் போடாமல் விட்டிருந்தாலும் அப்பிடித் தான் வரும், உங்களுக்குக் கதவு பூட்டியிருக்கு எண்டு அர்த்தமில்ல.

மாவட்ட விசயத்தைக் கொஞ்சம் வடிவாச் சொல்லோணும், இது அப்ளிகேசனுக்கு ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னமே நடக்கிற பிழை. அனுமதியில 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏத்த மாதிரி, 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பின்தங்கின லிஸ்ட்டில இருக்கு, யாழ்ப்பாணமும் இருக்கு. 2012 கணக்கெடுப்பில யாழ்ப்பாணத்தில 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல சனம், முல்லைத்தீவில ஒரு லட்சத்துக்கும் குறைவு, அதால எங்களுக்கு இடமும் குறைவு, போட்டி போடுற பிள்ளையளும் குறைவு. இதுக்குள்ள என்ன நடக்குது எண்டா, ஓஎல் முடிஞ்ச கையோட வசதியுள்ள வீட்டுக்காரர் பிள்ளையை யாழ்ப்பாணத்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்திவிடுகினம். நல்ல ஆசிரியர்மார் கிடைக்கும் தான், நான் பிழை சொல்லேல்ல, ஆனா மாவட்டத்தைத் தீர்மானிக்கேக்க ஏ.எல்லுக்கு முந்தின 3 வருசம் எங்க படிச்சது எண்டதைப் பாப்பினம், அந்த விதியை வாசிக்காமல் மாத்தினா பிள்ளை கடைசியா எந்த மாவட்டத்துக்குள்ள எண்ணப்படுது எண்டு தாய் தேப்பனுக்கே தெரியாமல் போயிடும். புதுக்குடியிருப்பில வீடு, வாக்காளர் இடாப்பில பேர், ஜீஎஸ் (கிராம சேவகர்) கடிதம் எல்லாம் இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு பேந்து வந்து நிக்கிறதில பிரியோசனம் இல்ல. மாத்த முன்னம் யூஜிசி கையேட்டில அந்தப் பகுதியை அதிபரோட இருந்து வாசியுங்கோ. கையேடு தமிழிலயும் வருது. கனபேர் அதை வாங்கிறது யூனி கோட் பாக்க மட்டும் தான், முன்னுக்கு இருக்கிற விதியள் தான் முக்கியம்.

அப்ளிகேசன் போடுற இடம். எங்கட பக்கம் கனக்க வீட்டில கொம்பியூட்டர் இல்ல, கொமினிகேசனுக்கு (இன்டர்நெட் கடைக்கு) தான் போறது, அதில பிழை இல்ல. ஆனா கடைக்காரன்ர ஈமெயிலைப் போட்டு, கடைக்காரன் வச்ச பாஸ்வேர்ட்டோட அப்ளிகேசன் போட்டா, மூண்டு நாலு மாசத்துக்குப் பிறகு லொக் இன் பண்ண ஏலாமல் அந்தரப்படுவியள், அந்தக் கடையே பூட்டியிருக்கவும் கூடும். உங்கட பேரில ஒரு ஈமெயில் திறவுங்கோ, உங்கட போன் நம்பரைக் குடுங்கோ, அந்த சிம்மை மாத்தாதேங்கோ, பாஸ்வேர்ட்டைக் கொப்பியில எழுதி அம்மாட்டக் குடுத்து வையுங்கோ. யூனி கோட்டை நீங்களே ஒண்டொண்டா கையேட்டோட ஒப்பிட்டுப் பாத்த பிறகு தான் சப்மிட் அமத்த விடோணும், ஒரு எழுத்து மாறினா வேற கம்பஸ். குளோசிங் டேட்டுக்குப் பிறகு ஒழுங்கை மாத்த ஏலாது.

பேர் விசயமும் அப்பிடித் தான். 2008, 2009ல இடம்பெயர்வுக்குள்ள பிறந்த பிள்ளையள் இப்ப ஏ.எல் வயசுக்கு வந்திட்டினம். சிலருக்குப் பிறப்புப் பதிவே பிந்தித் தான் நடந்தது, சிலரிட்ட உத்தேச வயதுச் சான்றிதழ் தான் இருக்கு, பிறப்புச் சான்றிதழில ஒரு எழுத்து, அடையாள அட்டையில இன்னொரு எழுத்து. ரிசல்ட் வந்த பிறகு டீஎஸ் ஒஃபிஸுக்கு (பிரதேச செயலகத்துக்கு) ஓடாமல் ஏ.எல் படிக்கேக்கயே இதைச் சரிபண்ணி வையுங்கோ. ஏ.எல்லோட எழுதுற பொதுச் சாதாரணப் பரீட்சையில ஆகக்குறைஞ்சது 30 எடுக்கோணும் எண்டதையும் மறக்காதேங்கோ, பயோவில ஏ எடுத்த பிள்ளையள் கூட அதைக் கவனிக்கிறேல்ல.

ரிசல்ட் திருப்தி இல்லாட்டி ரீ கரெக்சன் போடுங்கோ, ஆனா "அது வரட்டும் பேந்து யூஜிசிக்குப் போடுவம்" எண்டு இருந்திடாதேங்கோ, ரெண்டும் வேற வேற இடம், வேற வேற திகதி, ஒண்டு மற்றதுக்காக நிக்காது.

இனி காத்திருக்கிற காலம். இது தான் பிள்ளையளைத் தின்னுற காலம், அப்ளிகேசன் போட்டு கட் ஓஃப் வர மாசக்கணக்கா எடுக்கும், அதுக்குள்ள பேஸ்புக்கில ஒவ்வொரு கிழமையும் ஆராவது ஒரு நம்பரைப் போடுவினம், அதைப் பாத்து ஒருநாள் சந்தோசம், அடுத்தநாள் சாப்பாடு இறங்காது. கட் ஓஃப் யூஜிசியில இருந்து மட்டும் தான் வரும். சொந்தக்காரர் "என்ன மாதிரி, கிடைக்குமோ" எண்டு கேக்கிறதை தாய் தேப்பன் தான் மறிக்கோணும், அதைப் பிள்ளையின்ர தலையில விடாதேங்கோ. ஸ்கோர் கரையில நிக்குது எண்டா அடுத்த ஷைக்கு (அடுத்த தரம் ஏ.எல் எழுத) அப்ளை பண்ணிவிடுங்கோ, கிடைச்சிடும் எண்ட நம்பிக்கையில அப்ளை பண்ணாமல் இருந்து, கட் ஓஃப் வரேக்க அடுத்த ஏ.எல்லுக்கான திகதியும் முடிஞ்சு, ஒரு முழு வருசம் போன பிள்ளையள் இருக்கினம். மூண்டு தரம் தான் எழுதலாம், ஆனபடியா ஒவ்வொரு ஷையும் பெறுமதி. படிக்க மனம் வராட்டி இங்கிலிஷ் படியுங்கோ, மெடிக்கலோ நேர்சிங்கோ விவசாயமோ எது வந்தாலும் முதல் வருசம் அது தான் கழுத்தைப் பிடிக்கிறது.

இந்தக் காலத்தில தான் வெளிநாட்டு மெடிக்கல் கொலிஜ் ஏஜென்ட்மாரும் வருவினம். புதுசாத் தொடங்கின கொலிஜ், சீட் இருக்கு, இந்தக் கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டோணும் எண்டுவினம். காணி ஈடு வச்சுக் காசு கட்ட முன்னம் அந்தக் கொலிஜின்ர பட்டத்தை இலங்கை மருத்துவ சபை ஏத்துக்கொள்ளுதோ எண்டு சபையிட்ட நேர கேட்டு எழுத்தில எடுங்கோ, ஏஜென்ட் காட்டுற கடதாசி காணாது. அங்க படிச்சிட்டு வந்தாலும் இஞ்ச ஈஆர்பிஎம் எண்ட, வெளிநாட்டில படிச்ச ஆக்களுக்கு மருத்துவ சபை வைக்கிற சோதனை பாஸ் பண்ணினா தான் வேலை செய்யலாம். நாட்டுக்குள்ளயே மாலபேயில சைட்டம் எண்டு ஒரு தனியார் மெடிக்கல் கொலிஜ் இருந்தது, அங்கீகாரப் பிரச்சினை கோட் வரைக்கும் போய், 2017ல அதை மூட அரசாங்கம் முடிவெடுத்து, பேந்து பிள்ளையளைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாத்தினது. இடையில அந்தப் பிள்ளையள் பட்ட பாடு சின்னனில்ல. அரச பீடம் ஒண்டு புதுசா இருக்கிறதும், அங்கீகாரம் முடிவாகாத ஒரு கொலிஜ் புதுசா இருக்கிறதும் ஒண்டில்ல, எங்கட சனம் முதலாவதுக்குப் பயந்து ரெண்டாவதுக்குக் காசு கட்டுது, எனக்கு அது தான் ஆகலும் கவலை.

கட் ஓஃப் வந்து தெரிவாகினா, குறிச்ச நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணாட்டி அந்த இடம் போயிடும். ரெஜிஸ்டர் பண்ணினா அடுத்த வருசம் திரும்ப அப்ளை பண்ணலாமோ எண்ட விதியையும் முன்னமே கையேட்டில பாருங்கோ, ரெண்டாவது ஷை எழுதிப்போட்டு இருக்கிற ஆக்களுக்கு அது முக்கியம். முதல் சுற்றில வரேல்ல எண்டா உடன போனை நிப்பாட்டிப்போட்டு வெளிநாட்டுக்கு வெளிக்கிடாதேங்கோ, ஆக்கள் ரெஜிஸ்டர் பண்ணாமல் விட்ட வெற்றிடங்களை நிரப்பேக்க லிஸ்ட்டில அடுத்ததா இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவினம், மேல்முறையீடு செய்யவும் ஒரு காலம் குடுப்பினம். முழங்காவில் பக்கம் ஒரு பிள்ளைக்கு அப்பிடித் தான் வந்தது, வேற கோர்ஸுக்கு வெளிக்கிட பாக் அடுக்கி வச்சிருக்கேக்க மெசேஜ். லிஸ்ட்டில பத்தாவதா, "சும்மா கிடக்கட்டும்" எண்டு அக்கா சொல்லிப் போட்ட புதுப் பீடம்.