பொலிஸின் பதில் திருப்தி தரவில்லையா? மீளாய்வு கேட்பது இப்படித்தான்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ உங்களைக் கைது செய்த விதம் பற்றி முறைப்பாடு கொடுத்தீர்கள். ‘எங்கள் அதிகாரி சரியாகத்தான் நடந்துகொண்டார்’ என்று பதில் வந்துவிட்டது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பொலிஸுக்கு வெளியே இருப்பவர்களிடம் மீளாய்வு கேட்கலாம், கட்டணமும் கிடையாது.

1. பொலிஸ் அனுப்பிய பதில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். அதற்கு மறுநாள்தான் முதல் நாள். அதிலிருந்து 28 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

2. யாருக்கு அனுப்புவது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். பாரதூரமான குற்றச்சாட்டுகள், பொலிஸ் மீதான முறைப்பாடுகளைக் கவனிக்கும் ஐஓபிசி (IOPC) என்ற சுயாதீன அமைப்புக்குப் போகும். மற்றவை பெரும்பாலும் அந்தப் பகுதியின் ‘பொலிஸ் மற்றும் குற்ற ஆணையாளருக்கு’ (இவர் பொலிஸ் அதிகாரி அல்ல, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்). லண்டனில் மேயரின் அலுவலகத்துக்கு. மீளாய்வு பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையா? உங்கள் முறைப்பாட்டை முறைப்படி பதியாமல் பேசி முடித்திருக்கக்கூடும். 2002 பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையின்கீழ் பதியும்படி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்டால் பதிந்தே ஆக வேண்டும்.

3. தடுப்புக்காவல் பதிவேட்டின் பிரதி ஒன்றை வாங்குங்கள். விடுதலையாகி 12 மாதங்கள் வரை அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

4. இனி எழுத வேண்டும். இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். நடந்த அநியாயத்தை மறுபடி முதலிலிருந்து எழுதுவார்கள், கோபம் நியாயமானதுதான். ஆனால் மீளாய்வு செய்பவர் உங்கள் கைதை விசாரிப்பதில்லை. பொலிஸ் உங்கள் முறைப்பாட்டை நியாயமாகவும் அதன் பாரத்துக்கு ஏற்றபடியும் கையாண்டதா என்றுதான் பார்ப்பார். அதனால் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சுட்டிக்காட்டுங்கள். உதாரணமாக:

“கைதுக்கான காரணத்தைச் சொல்லவில்லை என்று முறையிட்டேன். பொலிஸின் கடிதத்தில் அதிகாரியின் வாக்குமூலம் மட்டுமே இருக்கிறது. அவர் உடையில் இருந்த கமெராவின் காட்சியைப் பார்த்தார்களா என்று சொல்லவில்லை. கூட நின்ற என் தம்பியிடமும் யாரும் பேசவில்லை.”

கோபமாக எழுதும் நான்கு பக்கங்களைவிட இந்த நான்கு வரிகளுக்கு வலு அதிகம். ஒவ்வொரு குறைக்கும் இப்படியே தனித்தனியாக எழுதுங்கள்.

5. சரி, என்ன கிடைக்கும்? முறைப்பாடு சரியாகக் கையாளப்படவில்லை என்று தெரிந்தால், மறுபடி விசாரிக்கச் சொல்லலாம். நட்டஈடு இதில் கிடைக்காது. அதற்கு வழக்குத்தான் போட வேண்டும்.

உங்கள்மேல் வழக்கு இன்னும் நடக்கிறதென்றால், அனுப்பும் முன் சொலிசிட்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அவரிடம் நேரம் கிடைக்கும்வரை காத்திருந்து 28 நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.