பிரிவுபசாரத்துக்கு முன் பீரோ சாவியை வாங்கிவிடுங்கள்

பெரம்பூரில் எங்கள் சேகரத்தின், அதாவது ஓர் ஆயரின் கீழ் உள்ள கிறிஸ்தவ சபையின், பாடகர் குழுவுக்கு 22 ஆண்டுகளாக நான்தான் செயலாளர். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குரல் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல்; சுபாவம் சற்றுக் கடுகடுப்பு. எங்களுக்கு இசை சொல்லிக்கொடுத்த மிஷனரித் தம்பதிகள் இரண்டு ஜோடியை இதுவரை வழியனுப்பியிருக்கிறேன்.

முதல் தடவை விழா அமோகம். பந்தல், 11 பேச்சுகள், 14 பொன்னாடைகள். பாடகர் குழு எழுந்து நின்றபோது மணி ஒன்பதரை. பிரியாணி ஆறுகிறது என்று பின்வரிசை எழுந்து போய்விட்டது. மறுவாரம் பாட்டுப் பிரதிகள் இருந்த பீரோவைத் திறக்கப் போனால் சாவி இல்லை. அது அந்த அம்மாவின் கைப்பையிலேயே ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருந்தது. பூட்டை உடைத்தோம். ஆனால் உள்ளே இருந்ததைப் பாட வைக்க ஆளில்லை. எட்டு மாதம் நாங்கள் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது தம்பதி வேல்ஸ் நாட்டுக்காரர்கள். ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஜூலையில் ஊர் திரும்பினார்கள். இந்தத் தடவை நான் செய்ததை எழுதுகிறேன். உங்கள் சபையிலும் இப்படியொரு நாள் வந்தால் உதவும்.

செய்தி தெரிந்தவுடன் விசா முடியும் தேதியைக் கேளுங்கள். அதிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்கள். விழா நாளை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலத்தில் வைக்காதீர்கள். நவம்பரில் மழை, டிசம்பரில் கேரல் சுற்று. மே மாதம் வேண்டவே வேண்டாம்; சென்னைச் சபைகளில் பாதிப் பேர் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போயிருப்பார்கள், பெண்களின் தாழ்குரலான ஆல்டோ வரிசையில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி எங்களுக்கு ஒத்துவந்தது.

அடுத்ததுதான் முக்கிய வேலை. அவர்கள் தலைக்குள் இருப்பதை வெளியே வாங்க வேண்டும். ஐயா பயன்படுத்திய ஒவ்வொரு பிரதியிலும் எங்கே மூச்சு எடுப்பது, எங்கே ஆண்களின் தாழ்குரலான பேஸ் குரல்கள் அடங்குவது என்று பென்சில் குறிப்புகள் இருந்தன. அத்தனை பக்கங்களையும் படம் பிடித்து வைத்தோம். அம்மாவை உட்காரவைத்து 40 பாட்டுகளுக்கு சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ, டெனர், பேஸ் நான்கையும் தனித்தனியாகப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்தோம். பேஸை அவர் ஒரு ஸ்தாயி மேலே பாடினார், பரவாயில்லை. எந்தக் குழந்தை கால் அளவு வயலினை விட்டு அரை அளவுக்குப் போகத் தயார் என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். அதையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது பழைய காகிதத்தோடு போய்விடும்.

செலவுக் கணக்கையும் கேளுங்கள். எங்கள் பியானோவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வந்தவருக்கு ஒன்பது ஆண்டுகளும் ஐயாவே கைக்காசு கொடுத்திருக்கிறார். சேகரக் கமிட்டியில் யாருக்கும் தெரியாது. பியானோ தானாகவே நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தோம். சென்னையின் ஈரக்காற்றில் எந்தப் பியானோவும் தானாக நன்றாக இருக்காது. மழைக்காலத்தில் உள்ளே சிறிய பல்பு ஒன்றை எரியவிடுவார், பலகை ஊறாமல் இருக்க. அந்த சுவிட்ச் எங்கே என்பதுகூட அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசி ஆறு வாரம் ஐயாவைப் பாடகர் குழுவை நடத்த விடாதீர்கள். கேட்கும்போது மரியாதைக் குறைவாகத் தோன்றும். எனக்கும் நாக்கு எழவில்லை. "அண்ணாச்சி, இதை நீங்கள் கேட்பீர்களா என்றுதான் காத்திருந்தேன்" என்றார் அவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி முன்னால் நின்று நடத்தினாள். ஐயா நான்காவது வரிசைப் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தன்னால் எழுந்துவிடும் என்ற பயம்.

பாட்டுத் தேர்வில் சண்டை வரும். அவர்கள் கொடுத்ததை மட்டும் பாடிக் காட்டினால் அது பள்ளி ஆண்டு விழா. அவர்கள் நம்மிடம் கற்றதும் மேடையில் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தவர் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். ஆனால் சாஸ்திரியார் பாடியது தமிழ்ப் பாட்டு. ஈரோட்டில் ஊழியம் செய்த போப்லி துரை நம் இசையைக் கற்று, 1921-இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். எங்கள் ஐயா அந்த ஜாதி. வந்த புதிதில் முகாரி ராகக் கீர்த்தனை ஒன்றுக்கு நான்கு குரல் அமைத்துக் கொண்டுவந்தார். பெண்கள் ஐக்கியத்துப் பாட்டிகள், "ஐயா, கமகத்தை இஸ்திரி போட்டுவிட்டீர்கள்" என்றார்கள். சுரங்களின் அசைவே போய்விட்டது என்று பொருள். அவர் கோபிக்கவில்லை. அயனாவரத்தில் ஒரு மிருதங்க வித்துவானிடம் போய் மூன்று ஆண்டுகள் தாளம் கற்றார். பிறகு சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனைகளுக்கு மட்டும் குரல் அமைத்தார். அதன் சுரங்களும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்களும் ஒன்றே என்பதால் ஒட்டியது. அப்படி ஒன்றை விழாவில் பாடினோம். வித்துவானே வந்து வாசித்தார், நெற்றியில் விபூதியோடு.

அவர்கள் தாய்மொழியிலும் ஒரு பாட்டு வேண்டும். ஆங்கிலம் அல்ல, வெல்ஷ். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். நம் 'ழ' அவர்களைப் படுத்திய பாட்டுக்குப் பழிவாங்குவது போல அந்த மொழியில் ஓர் ஒலி இருக்கிறது: நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விட வேண்டும். குழந்தைகளுக்கு இரண்டு நாளில் வந்தது, டெனர்களுக்கு மூன்று வாரம். சுரம் மட்டும் சிரமமே இல்லை. கர்வன் என்ற ஆங்கிலேயப் போதகர் பரப்பிய தோ-ரே-மி எழுத்துமுறையில்தான் வேல்ஸ் நாட்டுச் சபைகளும் பாடிப் பழகின, எங்கள் தாத்தாக்களும் பழகினார்கள்.

பேச்சு மூன்று போதும்: ஆயர், கற்றுக்கொண்டவர் ஒருவர், ஒரு குழந்தை. பேச ஆசைப்படும் பெரியவர்களுக்கு ஜெபம், நன்றியுரை, மாலை என்று பங்கு பிரித்துவிடுங்கள். ஜெபமும் பேச்சாக நீளும், அதற்கு மருந்தில்லை.

பரிசு வாங்குமுன் பெட்டியின் எடையை நினையுங்கள். பெரும்பாலான டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். குத்துவிளக்கு, கண்ணாடிச் சட்டம், வீணை எல்லாம் அன்பின் பெயரால் செய்யும் தொல்லை. பழைய வீணையில் யானைத்தந்த வேலைப்பாடு இருந்தால் தொல்லை சட்டத்திலும் முடியும். மிருதங்கம் தோல் என்பதால் சில நாடுகளில் விமான நிலையத்திலேயே விசாரிப்பார்கள். பால்கோவா கொடுக்காதீர்கள்; நம் நாட்டிலிருந்து பால் பொருள்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கவரில் பணம் வைத்தால் 25,000 இந்திய ரூபாய்க்கு மேல் கையோடு எடுத்துப் போக முடியாது. நாங்கள் கொடுத்தது கைக்கு அடக்கமான மின்சுருதிப்பெட்டி, காபித்தூள், ஒரு டப்பா மக்ரூன், ஒரு நோட்டு. நோட்டில் ஆளுக்கு ஒரு வரி, தமிழில், கொட்டை எழுத்தில். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் ஊர் போயும் பல நாள் தாங்கும்.

சபைக்கு வெளியே இருப்பவர்களை மறக்காதீர்கள். ஆட்டோக்காரர், கீரைக்கார அம்மா, வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் எல்லாரையும் அழைத்தோம். 150 பேருக்குச் சொல்லி 180 பேருக்குச் சமைத்தோம், சரியாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் தனியாகத் தயிர்சாதமும் மோர்மிளகாயும்.

விமான நிலையத்துக்கு இரண்டு வேன் பேசியிருந்தேன். ஐரோப்பா போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். குழந்தைகள் தூங்கி வழியும். டிக்கெட் இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எதற்கும் அவர்களைக் கேட்டுவிடுங்கள். அம்மா, "வேண்டாமே, அங்கே எல்லாரும் பார்ப்பார்கள், நான் அழ முடியாது" என்றார். வேன்களை ரத்து செய்தேன், முன்பணம் 1,000 ரூபாய் போயிற்று. இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில், தெருவிளக்குக்குக் கீழே, நான்கு சரணம் பாடினோம். எதிர்வீட்டில் டிவியை நிறுத்தினார்கள். கார் ஏறுமுன் ஐயா, சுருதி பிடிக்கத் தட்டும் இசைக்கவையை அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தார். அம்மா கைப்பையைத் துழாவி பீரோ சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

முதல் மாதம் போன் செய்து சந்தேகம் கேட்காதீர்கள். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். நம் சனிக்கிழமை ஆறு மணிப் பயிற்சி அவர்களுக்கு மதியம் ஒன்றரை. தட்டோடு உட்கார்ந்து நம்மை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அப்படியே விடுங்கள்.

அவர்கள் போன வாரம் 26 பேரில் 11 பேர்தான் வந்தோம். பீரோவைத் திறந்தேன். அந்தப் பெண் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தாள். பாட்டு எஃப் சுருதி. கவை தரும் ஏ என்ற சுரம் அதில் 'மீ'. மீ, ரே, தோ என்று மெல்ல இறங்கிக் காட்டினாள். நாங்கள் அரைச் சுரம் கீழே பிடித்தோம். கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி கவையைத் தட்டினாள்.